தாத்தாவின் தகரப் பெட்டி: 1942-இல் தந்தி கொண்டுபோன பையன், 1944-இல் கடற்படை. விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

பழைய வண்ணைப் பேரன்:

வணக்கம். என் அப்பாவின் அப்பாவைப் பற்றிக் கேட்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். அவர் பிறந்தது 1926. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். அவருடைய அப்பா பெரம்பூரில் மில் தொழிலாளி. தேர்டு ஃபாரத்தோடு (இப்போதைய எட்டாம் வகுப்பு) படிப்பை நிறுத்திவிட்டுப் பதினைந்து வயதில் கடற்கரைப் பக்கம் இருந்த தந்தி அலுவலகத்தில் பையன் வேலைக்குச் சேர்ந்தார். காக்கிச் சட்டை, தோல் பை, சைக்கிள். 1944 தொடக்கத்தில் ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். 1946 ஏப்ரலில் வீட்டுக்கு வந்துவிட்டார். அதன்பின் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தே காலத்தை ஓட்டினார். 1998-இல் காலமானார்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே மூன்று பொருள்கள். ஒன்று, ஆறு முனை நட்சத்திரப் பதக்கம்; ரிப்பனில் நடுவே அகலமான சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. இரண்டாவது, மாலுமி உடையில் ஒரு ஸ்டுடியோப் படம். தொப்பிப் பட்டையில் 'எச்.எம்.ஐ.எஸ்.' (மன்னரின் இந்தியக் கப்பல்) என்று மட்டும் இருக்கிறது, கப்பலின் பெயர் இல்லை. சட்டைக் கையில் ஏதோ ஓர் அடையாளம் தைத்திருக்கிறது. படம் மங்கிவிட்டதால் சிறகா, கொடியா, பூவா என்று தெரியவில்லை. மூன்றாவது, நான்காக மடித்த ஒரு தாள். தொட்டாலே உதிர்ந்துவிடும் போலிருப்பதால் இன்னும் பிரிக்கவில்லை.

வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. முதலாவதை எல்லோரும் உரக்கச் சொல்வார்கள்: தாத்தா 'பெங்கால்' என்ற கப்பலில் இருந்து ஜப்பான்காரனின் கப்பலை மூழ்கடித்தார். இரண்டாவதைச் சொல்லும்போது அப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார்: அவரைக் கடற்படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. குடித்தாரா, அதிகாரியை அடித்தாரா என்று அப்பாவே மனத்துக்குள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எது உண்மை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கோமளீசுவரன்பேட்டை:

முதல் கதையைத் தேதியை வைத்தே சரிபார்க்கலாம். 'பெங்கால்' சண்டை நடந்தது 1942 நவம்பர் 11. கோகோஸ் தீவுகளுக்கு அருகே 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு பெரிய ஜப்பானியக் கப்பல்கள் குறுக்கே வந்தன. பெங்கால், கடலில் போட்ட வெடிகண்ணிகளை அகற்றும் சின்னஞ்சிறு கண்ணிவாரிக் கப்பல். முன்னால் ஒரே ஒரு பீரங்கி. தப்பி ஓடாமல் எதிர்த்துப் போனது. எதிரிக் கப்பல்களில் ஒன்றான 'ஹொகோகு மாரு' தீப்பிடித்து வெடித்து மூழ்கியது. உங்கள் தாத்தா கடற்படையில் சேர்ந்ததே 1944 என்றால், அந்த நாளில் அவர் சென்னையில் தந்தி கொடுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பின்னாளில் அதே கப்பலில் ஏறியிருக்கலாம், அல்லது அந்தப் புகழைக் கேட்டு வீட்டில் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அதே 1942-இல் அவர் சென்னையில் இருந்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று ஊரே நம்பியது. அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறுங்கள் என்று அரசாங்கமே சொன்னது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை 'இவாக்குவேஷன்' என்றுதான் சொல்வார்கள், ஏதோ ஒரு பண்டிகையின் பெயரைப் போல. "இவாக்குவேஷனுக்கு முந்தின வருஷம் உன் பெரியப்பா பிறந்தார்" என்று காலக் கணக்கே அதை வைத்துத்தான். 1914-இல் எம்டன் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்த கிழவிகள் அப்போது உயிரோடிருந்தார்கள். அவர்கள்தான் முதலில் மூட்டையைக் கட்டினார்களாம். அரசு அலுவலகங்கள் வெளியூர்களுக்குப் போயின. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று மாநகராட்சி மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலி எல்லாவற்றையும் சுட்டுவிட்டார்கள்.

ரயில், துறைமுகம், தந்தி ஆகியவற்றில் வேலை செய்தவர்கள் போக முடியாது. பதினாறு வயதுப் பையன் காலியான தெருக்களில் சைக்கிள் மிதித்திருக்கிறான். யாருக்குப் போய்க் கொடுத்திருப்பான்?

தந்தி ஓய்வூதியர்:

நான் 1968 முதல் தந்தித் துறையில் வேலை பார்த்தவன். உங்கள் தாத்தாவுக்கு ஒரு தலைமுறை பிந்தியவன். ஆனால் நான் சேர்ந்தபோது போர்க்காலத்துப் பெரியவர்கள் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார்கள். அவர்கள் வாயால் கேட்டதைச் சொல்கிறேன்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தந்தி கொடுக்க வைத்திருந்தது உண்மை. 'பாய் மெசஞ்சர்' என்று அதற்குத் தனிப் பிரிவே உண்டு. 1942 ஏப்ரலில் அவர்கள் பட்ட பாடு, பூட்டு. கதவில் பூட்டுத் தொங்கும். பக்கத்து வீட்டிலும் பூட்டு. எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேட்க ஆள் இருக்காது. தந்தியின் மேல் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதித் திருப்ப வேண்டும். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: ஒரே நாளில் பை நிறையக் கொண்டுபோய், பை நிறையத் திரும்பக் கொண்டுவந்தாராம்.

இன்னொன்று. தந்தி ஆங்கிலத்தில் இருக்கும். வாங்கும் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் இருக்க மாட்டார். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "நீயே படித்துச் சொல்லப்பா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாம் ஃபாரம் படித்த பிள்ளைக்கு அதற்குப் போதுமான ஆங்கிலம் தெரியும். அந்த வயதில் எத்தனை வீட்டு வாசலில் எத்தனை சாவை உரக்கப் படித்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

கோமளீசுவரன்பேட்டை:

ஐயா, ஒரு சந்தேகம். உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு சேவகரின் வேலை முடிந்தது அல்லவா? உள்ளடக்கத்தைச் சேவகர் படிப்பது விதிக்கு மாறானது என்று நினைத்திருந்தேன்.

தந்தி ஓய்வூதியர்:

விதி சரிதான். வாசற்படியில் ஒரு தாய் உட்கார்ந்து உறையைத் திறக்கவே பயந்து உங்கள் முகத்தைப் பார்க்கும்போது விதியைச் சொல்லிவிட்டு நீங்கள் சைக்கிளில் ஏறுவீர்களா? நானும் படித்துச் சொல்லியிருக்கிறேன். என் காலத்தில் சாவுத் தந்திக்கு இரண்டு பெருக்கல் குறி போட்டிருக்கும், முந்திக் கொடுக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் குறியைப் பார்த்ததும் கால் மிதிக்காது. 2013 ஜூலையில் தந்தியையே மூடியபோது பலர் வருத்தப்பட்டார்கள். நானும் வருத்தப்பட்டேன். ஆனால் அந்தக் குறியை இனி யாரும் சுமக்க வேண்டியதில்லை என்று நிம்மதியும் இருந்தது.

தம்பி, அந்தத் தாளை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பாதுகாக்கும் பிரிவு இருக்கிறது. அங்கே கேளுங்கள்.

மண்ணடி மகள்:

இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் உம்மாவைப் பெற்ற உம்மம்மா தம்புச் செட்டித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். கணவருக்குப் பினாங்கில் கடை. 1942 பிப்ரவரி 15-இல் ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுந்ததோடு அந்தப் பக்கத்திலிருந்து கடிதம், பணம், தந்தி எல்லாம் நின்றது. மூன்றரை ஆண்டுகள். இருக்கிறாரா, இல்லையா? இத்தா (கணவரை இழந்தவர் இருக்கும் காலம்) இருப்பதா, காத்திருப்பதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை. இவாக்குவேஷனில் தெருவே காலியானபோதும் உம்மம்மா ஊருக்குப் போகவில்லை. "தந்தி இந்த முகவரிக்குத்தான் வரும்" என்று சொல்லிவிட்டாராம்.

தெருவில் சைக்கிள் மணி கேட்டால் உம்மம்மா கதவுக்குப் பின்னால் வந்து நிற்பார். என் பெரிய மாமாவுக்கு அப்போது எட்டு வயது. அவரை ஓடவிட்டுக் கேட்கச் சொல்வார்: "எங்கள் வீட்டுக்கு ஏதாவது இருக்கிறதா?" தந்திக்காரப் பையன் ஒருநாள்கூட எரிச்சல்படவில்லை என்று மாமா சொல்வார். பையைத் திறந்து ஒவ்வொரு உறையாகப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்பானாம். இருக்காது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் பார்ப்பான்.

1945 கடைசியில் தந்தி வந்தது. அப்போது வேறு ஆள் கொண்டுவந்தார். உறையைப் பார்த்ததும் வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். யாரும் திறக்கவில்லை. கொண்டுவந்தவரே திறந்து, "அம்மா, நலம் என்றுதான் இருக்கிறது, அழாதீர்கள்" என்று மூன்று முறை கத்திச் சொன்ன பிறகுதான் ஓய்ந்ததாம். 1946-இல் பாட்டனார் கப்பலில் வந்து இறங்கினார்.

அந்தப் பையன் உங்கள் தாத்தாதானா என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ பையன்கள் இருந்திருப்பார்கள். ஆனால் மண்ணடிப் பக்கம் வந்திருந்தால், உங்கள் குடும்பத்துக்கு எங்கள் வீட்டு துஆ, பிரார்த்தனை, உண்டு.

பழைய வண்ணைப் பேரன்:

அக்கா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

தாத்தாவின் தங்கை இன்னும் இருக்கிறார். எங்களுக்கு அத்தைப் பாட்டி. தொண்ணூற்று மூன்று வயது. தண்டையார்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன். காது மந்தம், நினைவு தெளிவு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் இரவில் வரும்போது சைக்கிள் விளக்குக்கு மேல்பாதியில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்குமாம். தெருவிளக்கு கிடையாது. அம்மா வாசலில் உட்கார்ந்து சங்கிலிச் சத்தத்தை வைத்தே அண்ணன்தான் என்று கண்டுபிடிப்பாராம்.

எங்கள் தெருவிலேயே சில தந்திகளை அண்ணன் கொடுத்திருக்கிறார். நல்ல செய்தி என்று தெரிந்தால் தெருமுனையிலிருந்தே மணி அடித்துக்கொண்டு வருவார். கெட்ட செய்தி என்று அலுவலகத்தில் யாராவது காதில் போட்டிருந்தால், முனையிலேயே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வருவார். சாவு வீட்டுக்கு மிதித்துக்கொண்டு போகக் கூடாது என்பாராம். இது தெருவுக்குப் புரிந்துபோயிற்று. அதன்பின் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாலே பெண்கள் ஒவ்வொரு வாசலிலும் எழுந்து நின்றுவிடுவார்கள். ஒருநாள் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தார். தெரு முழுக்க எழுந்து நின்றது. அண்ணன் அழுதுவிட்டார் என்றார் அத்தைப் பாட்டி. பதினேழு வயது.

"அதனால்தான் கப்பலுக்குப் போனான்" என்றார். நான் பணத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

காசிமேடு:

கடற்படைக்காவது பதக்கம் கொடுத்தார்கள் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி போடும் வேலை. டார்பிடோ தாக்கினால் தப்பிக்க முடியாத இடம் அது, கப்பலின் அடிவயிறு. அதே வேலைக்கு வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்த கூலியில் ஒரு சிறு பங்குதான் நம்மவர்களுக்கு. 1939-இலேயே இதைக் கேட்டு இங்கிலாந்துத் துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்து, சிறைக்கும் போனார்கள். அவர் 1942-இல் போனவர், திரும்பவில்லை. எங்கள் வீட்டில் படையல் உண்டு, சமாதி இல்லை. அப்படிக் கடலோடு போன இந்தியச் சரக்குக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் மும்பை மாலுமிகள் இல்லத்தில் உள்ள நினைவுப் புத்தகத்தில் இருக்கின்றன. நான் ஒருமுறை போக வேண்டும்.

கொடிமரம்:

நான் இந்தியக் கடற்படையில் சமிக்ஞைப் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பதக்கம் பர்மா ஸ்டார். ரிப்பன் விவரம் துல்லியமாகப் பொருந்துகிறது. இது இருப்பதால் பர்மாவில் கால் வைத்தார் என்று சொல்லிவிட முடியாது. வங்காள விரிகுடாவில் குறித்த எல்லைக்குள் கப்பலில் பணியாற்றியவர்களுக்கும் உண்டு. ஆனால் 1944-45-இல் அந்தக் கடலில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1945 ஜனவரியில் பர்மாவின் அராகான் கரையில் படைகள் இறங்கியபோதும், மே மாதம் ரங்கூனை மீட்டபோதும் நம் கப்பல்கள் அங்கே இருந்தன. நர்பதா, ஜம்னா போன்றவை ஆற்று முகத்துவாரங்களுக்குள்ளேயே போய்ச் சுட்டவை.

தொப்பிப் பட்டையில் கப்பல் பெயர் இல்லாததற்குக் காரணம் போர்க்காலப் பாதுகாப்பு. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பது தொப்பியைப் பார்த்துத் தெரிந்துவிடக் கூடாது. ஆகவே படத்தை வைத்துக் கப்பலைக் கண்டுபிடிக்க முடியாது.

கையிலுள்ள அடையாளம்தான் முக்கியம். சிறகு போலத் தெரிந்தால் கம்பியில்லாத் தந்திப் பிரிவு. குறுக்கே வைத்த இரண்டு கொடிகள் என்றால் என் பிரிவு. கொடியாலும் விளக்காலும் செய்தி அனுப்புபவர். இரண்டில் எதுவானாலும் ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த பையன்களைத்தான் எடுத்தார்கள். போர் தொடங்கியபோது அந்தக் கடற்படையில் மாலுமிகள் 1,732 பேர். முடிவதற்குள் 25,000-த்தைத் தாண்டிவிட்டது. தந்தி அலுவலகத்துப் பையனை விடுவார்களா?

இனி உங்கள் அப்பாவின் கவலை. சமிக்ஞைப் பயிற்சி நடந்த இடம் பம்பாயில் 'தல்வார்' தளம். 1946 பிப்ரவரி 18 காலையில் அங்கேதான் மாலுமிகள் உணவு வேண்டாம், வேலையும் செய்ய மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். புழுத்த சாப்பாடு, தளபதி கிங் பேசிய இழிசொற்கள், சுவரில் விடுதலை முழக்கம் எழுதியதற்காகத் தந்திப் பிரிவு மாலுமி பி.சி. தத்தைக் கைது செய்தது, எல்லாம் சேர்ந்து வெடித்தது. அடுத்த நாட்களில் 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், சுமார் 20,000 பேர். அது இத்தனை வேகமாகப் பரவியதற்குக் காரணம், தொடங்கியவர்கள் செய்தி அனுப்புகிறவர்கள். இயந்திரமும் விளக்கும் அவர்கள் கையில் இருந்தன. நம் சென்னைத் துறைமுகத்து 'அடையாறு' தளத்து மாலுமிகளும் சேர்ந்தார்கள். 23-ஆம் தேதி வல்லபாய் பட்டேலின் சொல்லை நம்பிப் பணிந்தார்கள். பிறகு எத்தனையோ பேரை ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1946-இல் அனுப்பப்பட்ட எல்லோரும் அதில் கலந்தவர்கள் அல்லர். போர் முடிந்து ஆட்குறைப்பில் போனவர்கள் அதைவிடப் பல மடங்கு. அந்தத் தாள் பணிச் சான்றாக இருந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள்: நடத்தை, வெளியேறிய காரணம்.

பழைய வண்ணைப் பேரன்:

தாளைப் பிரித்தேன். மூடிய பாத்திரத்தில் ஈரத்துணியின் மேல், படாமல், ஒரு தட்டில் நான்கு மணிநேரம் வைத்தால் மடிப்பு இளகும் என்று அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ஒருவர் சொல்லிக்கொடுத்தார். இளகியது.

பணிச் சான்றுதான். நடத்தை: மிக நன்று. இரண்டு ஆண்டுக்கும் அதே. வெளியேறிய காரணம்: இனிச் சேவை தேவையில்லை. கப்பல் பெயர்கள் இருந்த வரிசை மடிப்பின் மேல் விழுந்திருக்கிறது. 'அடையாறு', 'தல்வார்' இரண்டை மட்டும் படிக்க முடிகிறது.

அப்பா 'மிக நன்று' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொடிமரம்:

'இனிச் சேவை தேவையில்லை' என்பது தண்டனை பெற்றவருக்கும் எழுதப்பட்டிருக்கலாம், வெறுமனே தேவைப்படாதவருக்கும் எழுதப்பட்டிருக்கலாம். குடியோ அடிதடியோ இருந்திருந்தால் நடத்தை இப்படி இருக்காது. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். மாலுமிகளின் பழைய ஆவணங்கள் மும்பை மான்கூர்டில் இருக்கும் மாலுமிகள் பணியகத்தில் உள்ளன. பணி எண், பிறந்த ஆண்டு, சேர்ந்த ஆண்டு, சான்றின் நகல், நீங்கள் பேரன் என்பதற்கான ஆதாரம் வைத்து எழுதுங்கள்.

கையில் இருந்தது கொடியா, சிறகா என்று தெரிந்ததா?

பழைய வண்ணைப் பேரன்:

படத்திலிருந்து தெரியவில்லை. ஆனால் நேற்று மறுபடியும் அத்தைப் பாட்டியைப் பார்க்கப் போனேன். சான்றைப் படித்துக்காட்டினேன். அவருக்கு அது பெரிய செய்தியாக இல்லை. "அவன் நல்லவன் என்று தாளில் வேறு எழுத வேண்டுமா?" என்றார்.

அண்ணன் வந்த ஏப்ரல் மாதம் முழுக்க மாலையில் ராயபுரம் கடற்கரைக்குப் போய் நிற்பாராம். இவரும் கூடப் போவார். தூரத்தில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். அவை விளக்கை அணைத்து அணைத்துப் போட்டால் அண்ணன் தனக்குள் ஏதோ முணுமுணுப்பார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், "தண்ணீர் கேட்கிறார்கள்", "காய்கறி இன்னும் வரவில்லையாம்" என்பாராம். வீட்டு மொட்டைமாடியில் இரண்டு ஈரத் துண்டுகளைக் கையில் கொடுத்து இவருக்கும் எழுத்துகள் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எல்லாம் மறந்துபோயிற்று, ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது என்றார்.

எப்படி என்று கேட்டேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு இரு பக்கமும் நேராக நீட்டினார். இடது கை நடுங்கியது. மகள் வந்து பிடிக்கப் போனார், விடு என்றார்.

இது என்ன எழுத்து, கொடிமரம் அண்ணா?

கொடிமரம்:

ஆர். ஆங்கில ஆர். கொடிக்காரர் சொல்லிக்கொடுத்தது, சந்தேகமே வேண்டாம். அவர் என் பிரிவு.

பழைய வண்ணைப் பேரன்:

அத்தைப் பாட்டியின் பெயர் ராஜம்மாள். மும்பைக்கு எழுதும் கடிதத்தில் பிரிவு என்ற இடத்தில் 'சமிக்ஞை, கொடி' என்று நிரப்பிவிட்டேன். நாளைக் காலை தபாலில் அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.